இர்மெலி ஏறும் படகு

"என் மனைவி பயப்படாம ஏறணும். அதுக்கு ஏத்த மோட்டாரா காட்டுங்க" என்றார் ரைமோ.

பின்லாந்தின் சைமா ஏரிக்கரையிலிருந்த படகுக் கடையில், விற்பனையாளன் யார்க்கோ ஒரு பெட்ரோல் மோட்டாரைத் தட்டினான். "இருபது ஹெச்.பி. உங்க தீவு வீட்டுக்குப் பத்தே நிமிஷம். சவுனா நீராவிக் குளியலறை சூடாகறதுக்குள்ள கரைக்கு வந்து பீர் வாங்கிட்டுப் போயிடலாம்."

ரைமோ குனிந்து, அடியிலிருந்த விசிறியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். "இது தண்ணியைக் கலக்குமே."

"என்ன, பல் டாக்டர் மாதிரி பாக்கறீங்க? அப்போ மின்சார மோட்டார் எடுங்க. சத்தமே வராது, எண்ணெயும் சிந்தாது."

"இதுலயும் விசிறி சுத்துதே."

"விசிறியே வேண்டாம்னா ஜெட் இருக்கு. தண்ணியை உள்ள இழுத்துப் பின்னால பீச்சியடிக்கும்."

"உள்ள இழுக்குமா?" ரைமோவின் முகம் வெளுத்தது. "அது வேண்டவே வேண்டாம்."

"அங்க பிள்ளைங்க நீந்துதா?"

"எங்க பொண்ணு தண்ணியிலதான் இருக்கா."

"என்ன வயசு?"

"பத்தொன்பது."

யார்க்கோ சிரித்தான். "அவ்வளவு பெரிய பொண்ணு தானா விலகிப் போயிடுவா. இதுக்கா உங்க மனைவி பயப்படறாங்க?"

ரைமோ ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே காரிலிருந்து அவர் மனைவி இர்மெலி இறங்கவே இல்லை.

"ஜூன் மாசம் பொண்ணோட சாம்பலைத் தீவுக்குப் பக்கத்துலதான் தூவினோம். அதுக்கப்புறம் இவ படகுல கால் வைக்கல."

யார்க்கோ சுவரில் மாட்டியிருந்த ஒரு ஜோடித் துடுப்பை எடுத்தான். காருக்கே கொண்டுபோய் இர்மெலியிடம் நீட்டினான்.

"நீங்களே வலிங்க. மெதுவா வலிச்சா அலைகூட எழும்பாது."