அரைகுறைக் கூடுகள்

எந்த மரம் புதுசு புதுசாக யோசிக்கிறது என்று மதிப்பெண் போட மயில் அதிகாரி வருகிறார் என்றதும், பனைமரத்துத் தூக்கணாங்குருவித் தலைவருக்குக் காலும் ஓடவில்லை, றெக்கையும் ஓடவில்லை. முதலிடத்துக்குக் கம்பங்காடே பரிசு!

"ரெண்டு வாசல் வெச்சுப் பார்த்தது, களிமண் பூசிப் பார்த்தது, எல்லாம் அரைகுறையாத் தொங்குதே. மானம் போயிடும், பிய்ச்சு எறிங்க!"

எறிந்தார்கள்.

மயில் அண்ணாந்து பார்த்தார். "எல்லாம் ஒரே அச்சு. புது முயற்சியே காணோம். சைபர்!"

எறிந்த கூடுகளைப் பொறுக்கித் தன் வேப்பமரத்தில் மாட்டியிருந்த மைனாவுக்கு முதலிடம்.

மறுநாள் தலைவர் குருவி மைனா முன்னால் பவ்வியமாக நின்றார். "எங்களுக்கும் கொஞ்சம் புதுமை கத்துக் கொடுங்களேன்."

மைனா தொண்டையைச் செருமியது. "அதுக்கென்ன தம்பி! முதல்ல நாலு அரைகுறைக் கூடு கட்டி எடுத்துட்டு வா, பார்க்கலாம்."