டொராண்டோ என்று எழுதியவள்

"எவன் கை இது?"

கரும்பலகையில் 'டொராண்டோ' என்ற சொல்லைப் பார்த்து மர்டோ போட்ட கத்தலில் ஹாமில்டன் கம்பி ஆலைச் சங்கத்து அறையே திரும்பிப் பார்த்தது.

"என் கைதான் தலைவரே," என்றாள் இல்டா. காபிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கனடா ஃபுட்பால் சீசன் தொடங்கிவிட்டால் அந்த அறையில் இது வாராவாரம் நடப்பது. அந்த வாரத்து மேட்சுகளில் யார் ஜெயிப்பார்கள் என்று ஆளாளுக்குப் பலகையில் கணிப்பு எழுதுவார்கள். வின்னிபெக்கா, கால்கரியா என்று அடித்துக்கொள்வார்கள். ஹாமில்டன் ஆடும் மேட்சில் மட்டும் பேச்சே கிடையாது. எல்லோரும் ஹாமில்டன்தான்.

இல்டாதான் இந்த சீசன் முழுக்க எதிரணிப் பெயரையே எழுதிக்கொண்டிருந்தாள். அதைவிடக் கொடுமை, பாதி வாரங்கள் அவள் எழுதியதே பலித்தது.

"எட்மன்டன்னு எழுதின, பொறுத்துக்கிட்டோம். மான்ட்ரியல்னு எழுதின, பொறுத்துக்கிட்டோம். தொழிலாளர் தினத்தன்னிக்கு, நம்ம ஊர்ல, நம்ம மைதானத்துல டொராண்டோவா?" என்றார் மர்டோ. "நம்ம முதலாளி எந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு நம்ம வயித்துல அடிக்கிறான், தெரியுமில்ல?"

"தெரியும்."

"டொராண்டோல மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்திருக்கியா இல்டா?" என்றான் கார்மைன். அறை சிரித்தது.

"உன் மூஞ்சியைத் தினம் பாத்த பிறகு எந்த ஊர் மாப்பிள்ளையும் அழகாத்தான் தெரியறான்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மர்டோ சிரிக்கவில்லை. முப்பது வருஷப் போராட்டத்தில் இரண்டு முறை சிறைக்குப் போனவர். இந்த வேலைநிறுத்தம் மூன்றாவது மாதத்தைத் தொட்டும் ஒருத்தன்கூட உள்ளே வேலைக்குப் போகவில்லை என்றால், அது அவர் பேருக்காகத்தான்.

ஹாமில்டனுக்கு எதிராகக் கணிப்பவர், மேட்ச் நேரம் முழுக்க ஆலை கேட்டில் மறியல் அட்டையோடு தனியாக நிற்க வேண்டும். வேடிக்கையாக மர்டோ போட்ட சட்டம் அது. இதுவரை அதில் மாட்டியவள் இல்டா ஒருத்திதான்.

"அழிச்சுட்டு ஹாமில்டன்னு எழுது. இல்லேன்னா திங்கக்கிழமை ஊர்வலத்துல நம்ம கொடிக்குப் பின்னாடி நீ வரக் கூடாது."

"வரல."

"வெயில்ல கேட்டுல நிக்கணும்."

"நிக்கிறேன். எழுதினதை அழிக்க மாட்டேன்."

"துரோகி!" என்றது பின்வரிசை.

இல்டா எழுந்து வந்தாள். சாக்பீஸை எடுத்து, டொராண்டோவுக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள். போய்விட்டாள்.

செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை, கனடாவின் தொழிலாளர் தினம். ஊர்வலம் முடிந்ததும் சங்கமே மைதானத்தில் இருந்தது. பாதி ஆட்டத்தில் ஹாமில்டன் பதினோரு புள்ளி முன்னால்.

"ஆலை கேட் பக்கத்துலதானே தலைவரே, போய் அந்தம்மாகிட்ட ஸ்கோரைச் சொல்லிட்டு வாங்க," என்றான் கார்மைன். "மூஞ்சி போற போக்கைப் பாத்துட்டு வந்து அப்படியே நடிச்சுக் காட்டணும்!"

மர்டோ உற்சாகமாக நடந்தார்.

கேட்டுக்கு வெளியே மூன்று லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு முன்னால், நடுரோட்டில், அட்டையைப் பிடித்தபடி இல்டா.

மர்டோவுக்கு ஸ்கோர் மறந்துபோனது. "லீவு நாள்ல லாரியா?"

"மேட்ச் நாள்ல லாரி. ஹாமில்டன் ஆடுற அன்னிக்கெல்லாம் வருது. நீங்க அங்க பலகைல கணிப்பு எழுதறீங்க. கம்பெனி இங்க கணிப்பு போடுது, மேட்ச் ஆரம்பிச்சா கேட்டுல ஒருத்தனும் இருக்க மாட்டான்னு."

"நீ ஒருத்தி நின்னு மூணு லாரியை..."

"டிரைவருங்களும் சங்கத்து ஆளுங்கதான். ஒரே ஒரு ஆள் அட்டையோட நின்னாலும் தாண்ட மாட்டாங்க. யாருமே இல்லேன்னா உள்ள போயிடுவாங்க. ஜூன்ல முதல் மேட்ச் அன்னிக்குப் போனாங்க."

"போனாங்களா?"

"நான் பஸ்ல வீட்டுக்குப் போயிட்டிருந்தேன். கேட்டுல ஈ காக்கா இல்ல. லாரி லாரியா கம்பிச்சுருள் வெளிய போகுது."

முதல் லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "அண்ணே, ஸ்கோர் என்ன?"

மர்டோ இல்டாவுக்கு அருகே போனார்.

"அதுக்காகவா டொராண்டோன்னு எழுதின? நான் கேட்டுல நிக்கிறேன்னு சொல்லியிருக்கலாமே!"

"சும்மா நிக்கிறேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. துரோகின்னா யாரும் எதுவும் கேக்க மாட்டீங்க."

மர்டோ குரலை உயர்த்தினார். "முதல் மேட்ச் அன்னிக்குக் கேட்டை விட்டுட்டு ஓடின கருங்காலி யாரு?"

"விடுங்க தலைவரே."

"பேரைச் சொல்லு! எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேக்கறேன். சங்கத்தை விட்டே தூக்கறேன்!"

இல்டா லாரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கு சாயங்காலம் கேட்டுல நிக்கிற முறை உங்களுது."

மேட்சில் முதல் கால் பாகம் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் மர்டோ அன்று போனார். கடைசிவரை பார்த்துவிட்டு, பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

"ஏன்... ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றார் மர்டோ.

"ஸ்ட்ரைக்குக்கு இப்ப உங்க பேரு வேணும்," என்றாள் இல்டா. "ஜெயிக்கட்டும். அப்புறம் இருக்கு உங்களுக்கு."