ஏழு மணிச் சாப்பாடு

“கடையை மூடிட்டு வந்தா ஆறிப்போன சோறு. கூட உக்கார ஆள் கிடையாது. இதுக்குப் பேரு வீடா?”

செல்போன் ரிப்பேர் கடைக்காரன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். மனைவி பதறிப்போய்க் கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

“மெதுவாப் பேசுங்க. மாமா காதுல விழப்போகுது.”

“விழட்டும். எப்பவும் நான் வந்து சாப்பிட்டப்புறம்தானே நீ சாப்பிடுவ? இப்ப என்ன புதுப் பழக்கம்?”

“மாமாவுக்கு நெஞ்செரிச்சல். ஏழு மணிக்கே சாப்பிட்டாத்தான் படுக்கறதுக்குள்ள செரிக்குமாம். தனியா உக்காந்தா சோறு இறங்கலையாம், என்னையும் கூடவே சாப்பிடச் சொல்றார். பெரியவர் கேக்கும்போது மாட்டேன்னா சொல்ல முடியும்?”

ஒரு மாதமாக இதே கூத்துதான். தச்சுவேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, திடீரென்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வீட்டுச் சட்டத்தையே மாற்றிவிட்டார். இரவுச் சாப்பாட்டில் எண்ணெயும் காரமும் போயின. சாயங்காலத்துக்குப் பிறகு காபி கிடையாது. சாப்பிட்ட கையோடு யாரும் படுக்கக் கூடாது.

தன் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினார். அதோடு விட்டாரா? மகன் கட்டிலுக்கும் கட்டை வைத்தார்.

“ரெண்டு கட்டிலும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லன்னா என் கண்ணை உறுத்தும்” என்றார்.

விடியும்போது கடைக்காரன் சறுக்கிப்போய்க் கால்மாட்டில் கிடந்தான். கடையில் வேலை ஓடவில்லை. கையில் எடுத்த திருகாணியைக் கீழே போட்டான், வந்தவர்களிடம் எரிந்து விழுந்தான். அப்பாவைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தான். தம்பியிடம் போனில் பேசியும்விட்டான். பேசியபின் இருப்புக் கொள்ளவில்லை. இன்றே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கடையைச் சீக்கிரமே மூடிவிட்டுக் கிளம்பினான்.

தெருமுனை டீக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் மிளகாய்த்தூள் தூவிய சிப்ஸ் பொட்டலம், மறு கையில் காபி.

“வாங்க தம்பி. அப்பா நம்ம தினசரி வாடிக்கை” என்றார் டீக்கடைக்காரர்.

மகனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“நெஞ்செரிச்சல்னு சொன்னீங்களேப்பா?”

அப்பா அசரவில்லை. வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

“எனக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்டா.”

“அப்ப இத்தனை நாளும் நடிப்பா? எங்களை ஆட்டி வைக்கறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்? தம்பிகிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை உங்களை அங்க கொண்டுபோய் விடறேன்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“நெஞ்செரிச்சல் உன் பொண்டாட்டிக்கு.”

“அவளுக்கா?”

“நான் கூடத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியும். பாதி ராத்திரியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வருவா. விளக்கைக்கூடப் போடாம நடப்பா. உக்காந்தே விடிய வைப்பா. நீ படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்ட.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே...”

“யார்கிட்ட சொன்னா? நேரத்தோட சாப்பிடும்மான்னு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ‘அவர் வராம எப்படி மாமா’ன்னுட்டா. நான் போய் டாக்டர்கிட்ட எல்லாம் கேட்டுட்டு வந்து, வியாதி எனக்குன்னு சொன்னேன். மறுநாளே ஏழு மணிக்குத் தட்டு வந்துடுச்சு. கட்டைகூட அவளுக்காகத்தான். என் கட்டிலுக்கு வச்சது சும்மா ஒப்புக்கு. இப்பதான் பாவம், நிம்மதியாத் தூங்கறா.”

கடைக்காரன் சிப்ஸ் பொட்டலத்தையே பார்த்தான்.

“இதுவா? அந்தப் பத்தியச் சோறு எனக்கு எப்படிடா தாங்கும்?”

அப்பா பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஞாயித்துக்கிழமை தாராளமாக் கொண்டுபோய் விடு. திங்கக்கிழமை ஏழு மணிக்கு அவகூட உக்காந்து சாப்பிட யார் இருக்காங்கறதை மட்டும் யோசிச்சு வை.”