ஒரே ஒரு சார்ஜர்

மாலை வெயில் சாய்ந்து விழும் மருத்துவமனை வாசலில் இருப்பது ஒரே ஒரு சார்ஜர். இருக்கையின் பாலித்தீன் உறையைக்கூடக் கழற்றாத புதுக் காரை அதில் மாட்டிவிட்டு, திரையில் சார்ஜ் சதவீதம் ஏறுவதையே அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் நிற்கும் பேட்டரி டாக்சியின் ஓட்டுநர் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறார். "அண்ணே, உங்க வண்டி பெட்ரோல்லயும் ஓடும். எனக்கு இதை விட்டா வேற கதி இல்ல. டயாலிசிஸ் முடிச்ச ஒரு அம்மாவை வீட்டுல கொண்டுபோய் விடணும்." "இன்னும் கொஞ்சந்தாம்பா." பெட்ரோலே போடப்போவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வாங்கிய கார்; முதல் வாரமே தோற்க அவனுக்கு மனமில்லை. காருக்குள் மனைவி கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறாள். அந்தச் சத்தம் அவனை அரிக்கிறது. சட்டென்று சார்ஜரின் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, காரில் மாட்டிய பிடியை இழுக்கிறான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுக்கிறான். மனைவி கண்ணாடியை இறக்குகிறாள். "பூட்டை எடுக்காம இழுத்தா காருதாங்க கூட வரும்." கைப்பையிலிருக்கும் சாவியை அழுத்துகிறாள். டக். வெதுவெதுப்பான பிடியை ஓட்டுநரின் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கிறான். முதல் மேட்டிலேயே பெட்ரோல் இன்ஜின் உறுமுகிறது. தட்டும் சத்தம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. எரிச்சலோடு திரும்பிப் பார்க்கிறான். மனைவியின் கைகள் மடியில் இருக்கின்றன. ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டிருப்பது அவனுடைய விரல்.