ஏழாவது டிராக்

இருபது வருடம் அடுத்தவர்களுக்கே வாசித்த ஜாஸ் டிரம்மர், ஒரு பியானோக்காரரையும் பேஸ்காரரையும் சேர்த்துக்கொண்டு, தானே தலைவராகி வெளியிட்ட முதல் ஆல்பம் சக்கைப்போடு போட்டது.

“ஏழாவது டிராக்ல பிய்ச்சு உதறிட்டீங்க! நடுவுல அந்த அலறல் வேற! கூண்டைத் திறந்துவிட்ட பறவை மாதிரி!” என்றார் நிருபர்.

“டிரம்ஸ் சத்தம் வெளியே வராம இருக்க தனியா வெச்சிருக்கிற கண்ணாடி ரூமுக்குள்ளேருந்து அண்ணன் எங்களைப் பார்த்து ரெண்டு கையையும் ஆட்டினாரு. நாங்களும் பதிலுக்கு ஆட்டினோம்” என்று பூரித்தார் பியானோக்காரர்.

“அடுத்த ஆல்பம் முழுக்க இதே வெறி வேணும், சொல்லிட்டேன்” என்றார் தயாரிப்பாளர்.

டிரம்மருக்கு வியர்த்தது.

ஒலிப்பதிவாளர் மெல்ல வந்து காதைக் கடித்தார். “அண்ணே, அன்னைக்கு அந்த ரூம் கதவுக் கைப்பிடி உங்க கையோட வந்துடுச்சே, புதுசு போட்டுட்டேன். இனிமே உள்ளே மாட்டிக்க மாட்டீங்க.”

டிரம்மர் தயாரிப்பாளரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“பழசையே போட்டுடுங்க.”