பின்பக்கச் சுவர்

"சுவரு தாங்காதும்மா. விட்டுடு."

மூன்றாவது நாளாகப் பக்கீர் முஹம்மது அதே பதிலைத்தான் சொன்னார்.

மகள் ஷமீமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யுனிவர்சிட்டி ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் பெண். விவாதம் என்றால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம்.

"எது, அந்தப் பின்பக்கச் சுவரா? எத்தனையோ புயலுக்கு அசையாதது, ஒரு சாண் ஓட்டைக்கு விழுந்துடுமா? துபாயிலேர்ந்து அஸ்லம் அண்ணன் ஆர்டர் போட்டு அனுப்பின துணி காய வைக்கிற டிரையர் பெட்டியோட தூங்குது. இந்த மழையில அம்மா ஹால் பூரா கொடி கட்டி ஈரத்துணியோட மல்லுக்கட்டுறாங்க. உங்களுக்குச் சுவரு பெருசா, அம்மா இடுப்பு பெருசா?"

"வென்ட் குழாய் இல்லாததா மாத்தித் தரச் சொல்லிக் கடையில பேசியிருக்கேன்."

"அதுல துணி காய ரொம்ப நேரம் ஆகும் அத்தா! இது ஈரக்காத்தைக் குழாய் வழியா வெளியே தள்ளிட்டுச் சட்டுனு வேலையை முடிச்சிடும். அது ஈரத்தை உள்ளேயே தண்ணியாக்கி டப்பாவுல சேத்து வைக்கும். அந்த டப்பாவைத் தினம் யாரு கொட்டறது, நீங்களா? அதுக்கும் அம்மாதான்!"

அத்தா கடைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டு வேலைப் பேச்சு வந்தால் ஆம்பளைங்களுக்கு எப்படித்தான் வெளியே வேலை வந்துவிடுமோ!

அவர் தலை மறைந்ததும் கொத்தனார் அரசப்பனுக்குப் போன் போட்டாள்.

அரசப்பன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "பாறை மாதிரி இருக்குதே! யாரு சொன்னது தாங்காதுன்னு? எதுக்கும் அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடு பாப்பா."

சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். போன லீவில் வெறும் இடம். இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் சாய்த்து ஒரு தகரத் தாவாரம். உள்ளே கூரைவரை உப்பு மூட்டை. உப்பளத்தில் வேலை செய்யும் திரௌபதி அக்கா உட்கார்ந்து பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா! காத்துல எங்க கொட்டகை பறந்துடுச்சி. அத்தாதான், 'என் சுவத்துல சாச்சிக்க, எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லே'ன்னாரு. நெசந்தானே? உங்களுக்கு இடைஞ்சல்னா சொல்லிடு, இன்னைக்கே காலி பண்ணிடறேன்."

குழாய் வர வேண்டிய இடத்தையே ஷமீமா பார்த்தாள்.

"இந்த உப்பு…"

"தை வரைக்கும் எங்க சோறு. பாத்தியெல்லாம் மழைத்தண்ணி நிக்குதே! ஈரக்காத்து பட்டா கசிஞ்சி ஓடிடும். அதான் இடுக்கெல்லாம் சாக்கு அடைச்சி வெச்சிருக்கேன்."

திரும்பி வந்தபோது அரசப்பன் உளியும் சுத்தியுமாக நின்றார். கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்த அத்தா, வாசலிலிருந்தே உளியைப் பார்த்துவிட்டார்.

"அத்தா, வென்ட் இல்லாததே எடுத்துக்கலாம். டப்பாத் தண்ணியை, நான் இருந்தா நான் கொட்டறேன். இல்லேன்னா நீங்க."

"ஏம்மா, திடீர்னு?"

"சுவரு பாறை மாதிரி இருக்குது பாய்…" என்று அரசப்பன் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க மேஸ்திரி!" பின்பக்கம் திரௌபதி அக்காவுக்குக் கேட்டுவிடாதபடி ஷமீமா குரலைத் தாழ்த்தினாள். "எங்க சுவரு தாங்காது!"