கடைசி இதழில் இரண்டு பிழைகள்

அந்தச் சின்னச் சமூகத்தின் மொழியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வாரப் பத்திரிகை. யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க, அதன் ஆசிரியர் வாரம் ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டுவைப்பார். வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, தப்பைப் பிடித்து போனில் திட்டுவதற்கு மிஞ்சியவர் ஒரு கிழட்டுத் தையற்காரர்தான். கடைசியில் அவரும் கண்ணை மூடினார்.

ஆசிரியர் இரங்கல் எழுதினார். 'யாரையும் குறை சொல்லாதவர்' என்று பழக்கதோஷத்தில் ஒரு தப்பையும் விட்டார். அடியில் 'இதுவே கடைசி இதழ்' என்று கட்டம் கட்டினார். ஒற்றைப் பிரதி அடித்து, பெட்டியில் கிடந்தவரின் கைக்குள் செருகினார்.

"அப்பாவப் பத்தி என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டான் மகன். அவனுக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

"நல்லதாத்தான் போட்டிருக்கேன்."

மறுநாள் காலை அலுவலகத்தை ஒழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏம்பா, தூங்கிக்கிட்டே பத்திரிகை அடிக்கிறியா? ரெண்டு தப்பு!" தையற்காரரின் அதே கரகரத்த குரல்.

 ஆசிரியருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் விட்டது ஒண்ணுதாண்ணே."

"நான் குறை சொல்லாதவனா? அது ஒண்ணு. கடைசி இதழ்னு போட்டியே, அது ரெண்டு."

"படிக்க ஆளே இல்லையேண்ணே!"

"இங்க ஒத்தப் பிரதிக்கு அத்தனை பேரும் அடிச்சிக்கிறாங்க. அடுத்த வாரம் கூடுதலா அடி."

"எப்படி அனுப்புறது?"

"வர்றவங்க கையில குடுத்தனுப்பு. யாரும் தோதா கிடைக்கலேன்னா நீயே கொண்டாந்துடு."

ஆசிரியர் போனை வைத்துவிட்டு, ஊரில் யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று மனைவியிடம் அவசரமாக விசாரித்தார்.